என் இருக்கையில் பல் டாக்டர்

போர்ட் ஆல்டன்,
ஜனவரி 6, திங்கட்கிழமை.

அன்புள்ள மச்சான் ரேமண்டுக்கு உன் அத்தான் எமில் எழுதுவது.

என் இருக்கையை என்னிடமிருந்து பறித்து ஒரு பல் டாக்டரிடம் கொடுத்தாய். இதுதான் நீ செய்த அநியாயம். சுற்றி வளைத்து எழுத எனக்குத் தெரியாது, அதனால் முதல் வரியிலேயே எழுதிவிட்டேன். மற்றபடி இங்கே நானும் உன் அக்கா லொரெய்னும் சுகம். நீயும் உன் வீட்டாரும் சுகமாக இருக்கிறீர்கள் என்றே நம்புகிறேன். அநியாயம் செய்தவர்கள் சுகமாக இருப்பதில் எனக்கு ஆட்சேபணை ஏதுமில்லை.

நாலு தெரு தள்ளி இருக்கிறவனுக்குக் கடிதம் எதற்கு என்று நீ கேட்பாய். நேரில் வந்தால் நீ என்னைப் பேச விடுவதில்லை. தொலைபேசியில் கூப்பிட்டால் "அத்தான், அடுப்புல ஏதோ தீயுது" என்று வைத்துவிடுகிறாய். எட்டு வாரமாக உன் வீட்டு அடுப்பில் ஏதோ தீய்ந்துகொண்டே இருக்கிறது. காகிதத்தில் எழுதினால் யாரும் குறுக்கே பேச முடியாது.

இருபத்திரண்டு வருடமாக மைதானத்தில் பதினேழாம் வரிசை, ஒன்பதாம் இருக்கை என்னுடையது. நம் ஊர் அமெரிக்கக் கால்பந்து அணியான ஸ்டோக்கர்ஸ் கடைசியாகக் கோப்பைக்கான பிளேஆஃப் சுற்றுக்குப் போனதற்கு அடுத்த வருடம் நான் அதில் உட்கார்ந்தேன். அன்றிலிருந்து அவர்கள் போகவில்லை. இதை வைத்து நீ ஒரு முடிவுக்கு வந்தாய். நான் வேறொரு முடிவுக்கு வந்தேன்: இந்த ஊரில் பொறுமை உள்ளவன் ஒருவன்தான். பெரிய பனிப்புயல் அடித்த வருடம் மைதானத்தில் வீரர்களை விடப் பார்வையாளர்கள் குறைவு; அதில் ஒருவன் நான். மூன்று வருடத்துக்கு முன்பு முதலாளி மேடையேறி "அணியைப் புதிதாகக் கட்டப் போகிறோம், பொறுத்திருங்கள்" என்றபோதும் கைதட்டினேன். அதன் பிறகு முதல் வருடம் மூன்று ஆட்டம் வென்றோம், அடுத்த வருடம் இரண்டு, அதற்கடுத்து நான்கு. கடைசி இடத்தில் வருகிற அணிக்குத்தான் கல்லூரி வீரர்களில் முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமை என்பதால் நீயும் சாசேஜ் சுடுகிற குளோரியாவும் உங்கள் கூட்டமும் முகம் தெரியாமல் தலையில் காகிதப் பையை மாட்டிக்கொண்டு, நம் அணி தோற்கத் தோற்க ஆரவாரம் செய்தீர்கள். "நல்லா தோத்தாத்தான் அத்தான் நல்ல பையன் கிடைப்பான்" என்று எனக்கும் ஒரு பையை நீட்டினாய். நான் அதில் என் சாசேஜை வைத்துச் சாப்பிட்டேன். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு நிமிடம்கூட நான் நம் தோல்வியை விரும்பியதில்லை. இதை ஊரில் வேறு யாரால் சொல்ல முடியும்?

இந்த வருடம் நடந்தது உனக்கே தெரியும். ஆனாலும் வரிசையாக எழுதுகிறேன், ஏனென்றால் நீ வரிசையை மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டு திரிகிறாய். முதல் நான்கு ஆட்டமும் தோற்றோம். நான் இருந்தேன், சரி. ஐந்தாவது ஞாயிற்றுக்கிழமை காலையில் என் கடைவாய்ப்பல் வீங்கி, கன்னம் ரொட்டி மாவு மாதிரி உப்பிவிட்டது. பல் டாக்டர் ஃபின்லே விடுமுறை நாளிலும் கிளினிக்கைத் திறந்து பல்லைப் பிடுங்கினார். அதற்கு அவருக்கு நன்றி. நான் வாயில் பஞ்சுடன் படுத்திருந்தபோது நாம் முப்பத்தொன்றுக்குப் பத்து என்று வென்றோம். ஆறாவது ஆட்டத்துக்கு வந்தேன், தோற்றோம். ஏழாவது ஆட்டத்தன்று லொரெய்னின் பெரியப்பா பேத்தி கல்யாணம், போகாமல் இருக்க முடியாது, வென்றோம். ஒரு பல்லும் ஒரு கல்யாணமும் தற்செயலாக வந்தன. எனக்கு ஒன்பதாம் வகுப்புக்கு மேல் படிப்பில்லை, துறைமுகத்தில் கிரேன் ஓட்டினவன்தான்; ஆனால் தற்செயல் என்றால் என்ன என்பது எனக்குத் தெரியும்.

நீ விட்டாயா? எட்டாவது ஆட்டத்துக்கு முன்னால் மைதானத்து வாகன நிறுத்துமிடத்தில், குளோரியாவின் அடுப்பைச் சுற்றி எல்லோரும் நின்றுகொண்டிருந்தபோது, இரும்புப் பெட்டி ஒன்றின் மேல் ஏறினாய்.

"அத்தான் மேல எனக்கு எவ்வளவு மரியாதைன்னு எல்லாருக்கும் தெரியும்" என்றாய். அப்போதே புரிந்துவிட்டது, ஏதோ வரப்போகிறது என்று. "ஆனா அவர் பார்த்தா தோக்குறோம், பார்க்கலைன்னா ஜெயிக்கிறோம். அவர் இனிமே பார்க்கக் கூடாதுங்கிறவங்க கையைத் தூக்குங்க."

ஏழு கை தூக்கப்பட்டது. அதில் ஒன்றில் நீலக் கம்பளிக் கையுறை இருந்தது. அதைப் பின்னினவளும் போட்டிருந்தவளும் என் மனைவி.

"லொரெய்ன்! நீயுமா?"

"உங்க மேல கோவம் இல்லீங்க. எனக்கும் ஒரு தடவை ஜெயிக்கிறதைப் பார்க்கணும்னு ஆசையா இருக்கு" என்றாள்.

குளோரியா கரண்டியால் சாசேஜைப் புரட்டிக்கொண்டே, "அழாதீங்க எமில் அண்ணே, ரெண்டு சாசேஜ் கூடவே தர்றேன்" என்றாள். அழுதது யார்? புகை கண்ணில் பட்டது. இரண்டு சாசேஜையும் வாங்கிக்கொண்டேன், அது வேறு விஷயம்.

இதோடு நின்றிருந்தால்கூட மன்னித்திருப்பேன். காலியான இருக்கையில் டாக்டர் ஃபின்லேயைக் கொண்டுவந்து உட்கார வைத்தாய். "பல்லைப் பிடுங்கின கை அத்தான், அதிர்ஷ்டம் அந்தக் கையிலதான் இருக்கு!" அந்த மனிதர் முதல் நாள் குளோரியாவிடம் கேட்ட கேள்வி என்ன தெரியுமா? "நம்ம ஆளுங்க எந்தக் கலர் சட்டைம்மா?" இரண்டாம் நாள் பாதி ஆட்டத்தில் தூங்கினார். என் இருக்கையில் தூங்க எனக்கே இருபத்திரண்டு வருடத்தில் மனம் வந்ததில்லை.

நான் எங்கே இருந்தேன்? வாகன நிறுத்துமிடத்தில், ஏரியைப் பார்த்து நிறுத்திய என் டிரக்கில். அதிலிருந்த வானொலியையும் நீ கழற்றிக்கொண்டு போய்விட்டாய். வீட்டிலும் ஆட்டம் நடக்கும்போது தொலைக்காட்சியின் மேல் லொரெய்ன் போர்வையைப் போட்டுவிடுகிறாள். மறுநாள் காலைப் பத்திரிகை மட்டும் அனுமதி. வெளியூர் ஆட்டம் இரண்டில் தோற்றோம்; அப்போது நான் போர்வை போட்ட பெட்டிக்கு முன்னால் சீட்டாடிக்கொண்டிருந்தேன். அதற்கும் நீ கூப்பிட்டுக் கேட்டாய்: "அத்தான், உண்மையைச் சொல்லுங்க. மனசுல நெனச்சீங்களா?"

நினைத்தேன். நினைக்காமல் இருக்க நான் என்ன மரமா?

ஆனால் ரேமண்ட், ஒன்று சொல்கிறேன். இந்த அணியை என்னைப் போல அறிந்தவன் உங்களில் யாருமில்லை. ஜன்னலை ஒரு அங்குலம் இறக்கிவிட்டு உட்கார்ந்தால் எல்லாம் கேட்கும். ஐந்து கெஜம் முன்னேறினால் கூட்டம் தொண்டையைச் செருமும். பத்து கெஜம் என்றால் இரும்புப் படிகளில் கால்கள் தட்டும். எதிரணி பத்து கெஜம் கடக்க மூன்றாவது முயற்சியில் நிற்கும்போது எழுகிற இரைச்சலில் என் டிரக்கின் கண்ணாடி அதிரும். முன்பெல்லாம் அந்த இரைச்சல் பாதியிலேயே செத்துவிடும், இப்போது கடைசிவரை நிற்கிறது. அதை வைத்தே சொல்கிறேன், நம் தடுப்பு வரிசை இந்த மாநிலத்திலேயே சிறந்தது. அந்த டெஷான் ரூட்லெட்ஜ், பந்து எறிகிற இருபத்துமூன்று வயதுப் பையன், அவன் எறியும்போது மட்டும் ஓர் அமைதி வருகிறது. அறுபதாயிரம் பேர் ஒரே நேரத்தில் மூச்சைப் பிடிக்கிற சத்தம். அதைச் சத்தம் என்று சொல்லலாமா தெரியவில்லை. நான் கேட்டிருக்கிறேன். அவன் தன்னைக் கீழே தள்ளினவனுக்கே கை கொடுத்துத் தூக்கிவிடுகிறான் என்று பத்திரிகையில் படித்தேன். முன்வரிசையில் அவனைக் காக்கிற பெரியவன், யாரும் தேர்ந்தெடுக்காமல் வான்கோழிப் பண்ணைக்குத் திரும்பிப் போனவன். கோச் பிராட்வே தானே வண்டி ஓட்டிப் போய் அழைத்துவந்தாராம். கோச்சைப் போல ஒரு மனிதரை நான் துறைமுகத்தில்கூடப் பார்த்ததில்லை. "ஜெயிச்சது பசங்க, தோத்தது நான்" என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறார். முன்பு இருந்த கோச் இதையே தலைகீழாகச் சொல்வார்.

நேற்றைய கடைசி ஆட்டத்தில் இருபதுக்கு மூன்று என்று முன்னால் இருந்தோம். திடீரென்று இருபதுக்குப் பதினேழு ஆயிற்று. டாக்டர் அப்போது சூடான சாக்லேட் வாங்க எழுந்து போயிருந்ததாக லொரெய்ன் சொல்கிறாள். நான் அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. கடைசியில் இருபத்துமூன்றுக்கு இருபது என்று வென்றோம். பத்து வெற்றி, ஏழு தோல்வி, நம் பிரிவில் முதலிடம், வரும் சனிக்கிழமை நம் மைதானத்திலேயே பிளேஆஃப் ஆட்டம். பத்திரிகைக்காரர்கள் நமக்கு வாய்ப்பே இல்லை என்கிறார்கள். எதிரணியில் காட்டெருமை மாதிரி ஓடுகிறவன் ஒருவன் இருக்கிறான், நம் முன்வரிசையில் இருவருக்குக் காயம், எல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் குளிர் நம்முடையது, இரைச்சல் நம்முடையது. முதல் கால் பகுதியில் பின்தங்காவிட்டால் வெல்வோம். வென்றால் அதற்கடுத்த ஆட்டத்தையும் வெல்லலாம்.

எனவே நான் கேட்பது ஒன்றுதான். தோற்கிறவர்களை இருபத்திரண்டு வருடம் பார்த்தேன். வெல்கிறவர்களை ஒரு முறை பார்க்க வேண்டும். எனக்கு எழுபத்தாறு வயது. அடுத்த பிளேஆஃப் வருவதற்கு இன்னும் இருபத்திரண்டு வருடம் ஆனால் எனக்கு எத்தனை வயதாகும் என்று நீயே கூட்டிப் பார். சனிக்கிழமை என் இருக்கையை எனக்குக் கொடு. டாக்டர் மீது எனக்குக் கோபமில்லை. அவர் என் மடியில் வேண்டுமானாலும் உட்காரட்டும்.

உனக்கும் உன் வீட்டாருக்கும் இந்தப் புதுவருடத்தில் நல்ல ஆரோக்கியமும், தீயாத அடுப்பும் அமையட்டும். குளோரியாவுக்கு என் அன்பைச் சொல்.

இப்படிக்கு,
உன் அத்தான்,
எமில் ஹ்ராபோவ்ஸ்கி.

பின்குறிப்பு: மேலே எழுதியதைப் படித்துப் பார்த்தேன். நீ செய்தது அநியாயம்தான். அதில் ஒரு எழுத்தையும் மாற்றமாட்டேன். ஆனால் நேற்று நடந்ததில் ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டேன். இருபதுக்கு மூன்று என்று இருந்தபோது என்னால் தாங்க முடியவில்லை. டிரக்கை விட்டு இறங்கினேன். தெற்கு வாசல் ஓரத்தில் இரண்டு சுவர்களுக்கு நடுவே ஓர் இடைவெளி உண்டு, அதில் நின்றால் மைதானத்தின் ஒரு மூலை தெரியும். அங்கே காவலுக்கு நிற்கிற அம்மாள், "பாவம், வந்து பாருங்க தாத்தா" என்று நகர்ந்து இடம் கொடுத்தாள். பார்த்தேன். அந்தப் பையன் படத்தில் இருப்பதைவிடக் குள்ளம். பின்னால் மூன்று அடி வைத்து, நடனக்காரன் மாதிரி காலை மாற்றி எறிந்தான். நாற்பது கெஜம் பறந்த பந்து, பத்து வாரமாக ஒரு பந்தைக்கூடத் தவறவிடாதவனின் கையில் விழுந்து, தெறித்து, எதிரியிடம் போனது. இன்னும் ஒரு தடவை பார்த்தேன். மறுபடியும் போனது. ஆறே ஆறு முயற்சி பார்த்தேன், ரேமண்ட், எதிரணிக்குப் பதினான்கு புள்ளி. ஓடிவந்து டிரக்கில் ஏறி, ஜன்னலை முழுதாக ஏற்றி, கண்ணையும் மூடிக்கொண்ட பிறகுதான் நிலைமை சரியானது.

தற்செயலாக இருக்கலாம். ஆனால் அது தற்செயல்தானா என்று சனிக்கிழமை சோதித்துப் பார்க்கிற ஆள் நான் இல்லை. எனவே செய்ய வேண்டியவை: டாக்டர் ஃபின்லே பன்னிரண்டு மணிக்கே வந்து என் இருக்கையில் உட்கார வேண்டும், தூங்கினாலும் சரி, எழுந்திருக்கக் கூடாது, சாக்லேட்டை வேறு யாராவது கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். லொரெய்ன் டிரக்கை ஏரிப் பக்கம் பார்த்து நிறுத்தி, சாவியைத் தன்னுடன் எடுத்துப் போக வேண்டும். குளோரியா சாசேஜை ஜன்னல் வழியாக நீட்டிவிட்டு வாயைத் திறக்காமல் திரும்ப வேண்டும். தெற்கு வாசல் அம்மாளிடம் நீயே போய்ச் சொல்ல வேண்டும், நான் கெஞ்சினாலும் திட்டினாலும் நகரக் கூடாதென்று. ஆட்டம் முடிந்ததும், வென்றாலும் தோற்றாலும், வேறு யாரோடும் குடிக்கப் போகாமல் நீ நேராக டிரக்குக்கு வந்து ஏற வேண்டும். புள்ளி என்ன என்று முதலில் சொல்லக் கூடாது. முதல் உதையிலிருந்து ஆரம்பித்து, எதையும் தாண்டாமல், அந்தப் பையன் ஒவ்வொரு முறையும் காலை எப்படி வைத்தான் என்பதையும் சேர்த்து, மெதுவாக எனக்குச் சொல்ல வேண்டும்.