அரிசி இழுத்த காசு

கச்சிராயபாளையத்தில் அந்த மாதம் கல்யாணத்துக்கு மண்டபம் கிடைக்கவில்லை. நாணயச் சித்தர் தெய்வசிகாமணி பிடித்து வைத்திருந்தார். கல்வராயன் மலைக் குகையில் தவமிருந்து இறங்கியவராம். எந்தக் குகை என்று கேட்டால் வெள்ளிமலைப் பக்கம் கையைக் காட்டுவார். அந்தப் பக்கம் ஜீப் ஓட்டுகிறவனுக்கே அந்தக் குகை தெரியாது.

விஷயம் இதுதான். சித்தரிடம் பழைய செப்புக் காசு வாங்கிச் சேர்க்க வேண்டும். சேரச் சேரச் சக்தி ஏறும். சக்தி ஏறிய காசு அரிசியை இழுக்கும். அரிசியை இழுத்த காசு கோடியை இழுக்கும். அதுவரைக்கும் ஜனங்களின் மடியை இழுத்துக்கொண்டிருந்தது.

நானும் போயிருந்தேன். மண்டபத்தில் மின்விசிறி உண்டு.

சித்தர் பெரிய மோதிரம் போட்ட கையில் ஒரு காசைப் பிடித்துத் தட்டிலிருந்த அரிசியின் மேல் நீட்டினார். நாலைந்து அரிசி துள்ளி வந்து ஒட்டியது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. கரும்புக்காரர் பச்சமுத்து பையைப் பிரித்தார். மகள் தனுஷாவின் நர்சிங் படிப்புக்குக் கட்ட வைத்திருந்த பணம்.

அவருடைய பக்கத்து வீட்டு செலினா கையைப் பிடித்தாள். "அண்ணே, இன்னா பண்றீங்க? பொண்ணு பீஸ் அது."

"கோடி வந்தா காலேஜையே வாங்கிடலாம், போம்மா."

"நானும்தான் பழைய காசு சேக்குறேன். மாசம் எரநூறு ரூபா. அதுக்கு மேல ராஜா காசே வந்தாலும் தொடமாட்டேன்."

சித்தர் மைக்கில் சிரித்தார். "வரம்பு வெச்சு வாங்குறவ வூட்ல லட்சுமி தங்கமாட்டா."

"எங்க வூட்ல மாமியார் தங்கிக்கினு இருக்காங்க சாமி. அதுக்கே எடம் பத்தல."

கூட்டம் சிரித்தது. செலினா திரும்பி, ரேஷன் கடையிலிருந்து பையோடு நேராக வந்திருந்த ஆண்டாளிடம் ஒரு பிடி அரிசி வாங்கினாள். "இத இழுக்கச் சொல்லுங்க."

சித்தர் காசை நீட்டினார். ஓர் அரிசிகூட அசையவில்லை.

"ரேஷன் அரிசியா? தூ! மட்டமான சரக்கு. அதுக்கு சக்தி கெடையாது."

அங்கேதான் மலைக்குகை தவம் கவிழ்ந்தது. பணம் போனபோது வாய் திறக்காத கூட்டம் எழுந்து நின்றது.

"இன்னாய்யா மட்டம்? எங்க வூட்ல மூணு வேளையும் அதான் வேகுது!" என்றாள் ஆண்டாள்.

அந்தக் கூச்சலில் செலினா சித்தரின் தட்டிலிருந்து அரிசியை அள்ளினாள். மேடையோரம் மைக்செட்காரர் கொளஞ்சியப்பன் மூடி கழற்றி வைத்திருந்த ஸ்பீக்கரின் பின்பக்கம், காந்தத்தின் மேல் கொட்டிக் கவிழ்த்துப் பிடித்தாள். ஒன்றும் விழவில்லை. அரிசி முழுக்க இரும்புத்தூள் பூச்சு.

"கொளஞ்சி அண்ணே, உங்க ஸ்பீக்கரும் சித்தர் ஆயிடுச்சு. சாமி, அந்த மோதிரத்தக் கொஞ்சம் கழட்டுங்க, பாக்கலாம்."

சாமி மோதிரத்தைக் கழற்றவில்லை. வேட்டியைத் தூக்கிக் கட்டினார். சமையல்கட்டு வழியாக ஓடியவரை ஆண்டாள்தான் ரேஷன் பையால் அடித்து நிறுத்தினாள். பிறகு போலீஸ் வந்தது. மோதிரத்துக்குள் காந்தம் இருந்தது.

பச்சமுத்து பையை மார்போடு அணைத்துக்கொண்டு பீஸ் கட்டக் காலேஜுக்குப் போகிற பஸ்ஸைத் தேடிப் போனார். மண்டபத்தில் இரண்டு பேர் மட்டும் போகவில்லை. ஸ்பீக்கருக்குக் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

பழைய காசு சேர்த்துக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. இவ்வளவுதான் செலவு என்று வீட்டிலேயே முடிவு பண்ணிக்கொண்டு கிளம்புங்கள். போகும்போது உங்கள் வீட்டு அரிசியில் ஒரு பிடி எடுத்துக்கொண்டு போங்கள்.