தகரத்துக்கு அந்தப் பக்கம் நின்ற சம்பந்தி

மண்ணூர்,
செவ்வாய்க்கிழமை.

மதிப்புக்குரிய சம்பந்தி திரு. சங்கரநாராயணன் அவர்களுக்கு (சம்பந்தி என்று எழுத எனக்கு இன்னும் உரிமை இருப்பதாக நானே வைத்துக்கொண்டு) ஏகாம்பரநாதன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

தங்கள் வீட்டில் பெரியவர் சிறியவர் அனைவரும் சுகமாக இருக்கக் காமாட்சியம்மனை வேண்டுகிறேன். இவ்விடமும் சுகம் என்று அடுத்து எழுத வேண்டும். எழுத முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என் மனைவி காஞ்சனா எனக்குச் சோறு போடுகிறாளே தவிரப் பேசுவதில்லை. மகன் வசந்த் பேசுகிறான், ஆனால் வீட்டில் சாப்பிடுவதில்லை; கம்பெனி கேன்டீனிலேயே முடித்துக்கொள்கிறான். எனக்கு முழங்கால் வீங்கியிருக்கிறது. போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. அதனால்தான், எத்தனையோ வருஷம் கழித்து, ஸ்ரீபெரும்புதூர் தபாலாபீஸில் உறை வாங்கி வந்து எழுத உட்கார்ந்திருக்கிறேன். தயவுசெய்து கிழிக்காமல் கடைசி வரை படிக்கவும்.

நீங்கள் மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறீர்கள் என்றதும் இங்கே நடந்த ஏற்பாடுகளைச் சொல்லிக்காட்டக் கூடாதுதான், ஆனாலும் சொல்கிறேன். வீட்டுக்கு வெள்ளையடித்தோம். காஞ்சனா காஞ்சிபுரத்திலிருந்து தன் தங்கையை வரவழைத்துக் கோயில் இட்லி அவித்தாள். எல்லாம் சரி, உங்களை ரயிலிலிருந்து அழைத்துவருவதுதான் வில்லங்கம். உலகத்துக்கே கார் செய்து அனுப்புகிற ஊர் எங்களுடையது, ஆனால் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு ரயில் நிலையம் கிடையாது. பட்டணத்துக்குத்தான் போக வேண்டும். வசந்துக்கு அன்று பார்த்து ஷிப்டை மாற்றிவிட்டார்கள். "டிரைவர் நம்பரை அவங்களுக்கு அனுப்பிட்டாப் போதும்ப்பா" என்றான். நான்தான் கேட்கவில்லை. முதன்முதலாக வருகிற சம்பந்தியை ரயில் பெட்டி வாசலிலேயே மாலை போட்டு இறக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, ரோஜா மாலையும் வாடகைக் காருமாக விடியற்காலையே புறப்பட்டேன். என் பிடிவாதத்தை நான் மறைக்கவில்லை.

அந்தப் பெரிய ரயில் நிலையத்தின் பெயரை எழுதவே எனக்குப் பிடிக்கவில்லை. உங்களுக்கே தெரியும். அதை மறுசீரமைக்கிறார்களாம். வாசல் இருந்த இடத்தில் பச்சைத் தகரம். தகரத்தில் 'மாற்று வழி' என்று ஓர் அம்புக்குறி. அதன் வழியே போனால் இன்னோர் அம்புக்குறி, அது கொண்டுபோய் விட்டது ஒரு டீக்கடையில். டீக்கடைக்காரர் பாவம், நான் வாயைத் திறப்பதற்குள் வழி சொன்னார், அவருக்கு அதுவே வேலையாகிவிட்டது போலிருக்கிறது. உள்ளே போனால், கூட்ட நெரிசல் என்று நடைமேடைச் சீட்டு கொடுப்பதை நிறுத்திவைத்திருக்கிறார்கள். சீட்டில்லாமல் நான் ரயில் நிலையத்தில் கால் வைத்தவனில்லை. ஆகவே அடுத்த நிலையத்துக்குப் பயணச்சீட்டு வாங்கிக்கொண்டு, எங்கும் போகாத பயணியாக மாலையோடு நுழைந்தேன். நுழைந்ததுமே மின்சார ரயிலுக்கு ஓடிய கூட்டம் என்னையும் சேர்த்துப் பெட்டிக்குள் தள்ளிவிட்டது. சீட்டு வாங்கிய நிலையத்துக்கே போய் இறங்கி, மறுபடி சீட்டு வாங்கித் திரும்பி வந்தேன். மாலையில் பாதி ரோஜா அந்தப் பெட்டியிலேயே தங்கிவிட்டது.

விசாரணைச் சன்னல் பூட்டியிருந்தது. தலைக்கவசம் போட்ட ஒரு கட்டடத் தொழிலாளி, தெற்கேயிருந்து வருகிற வண்டிக்கெல்லாம் ஏழாவது நடைமேடை என்றார். போய்ப் பார்த்தால் இரண்டு ஏழு இருக்கிறது. பழைய ஏழின் பலகையை இன்னும் கழற்றவில்லை. புது ஏழின் பலகையை மாட்டிவிட்டார்கள். நடுவே தகரம். சம்பந்தி, நான் தாலுகா ஆபீஸில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்தப் பக்கத்தில் நிற்கிற கம்பெனி நிலங்களில் பாதியைச் சங்கிலி பிடித்து அளந்தவன். புது சர்வே எண் கொடுத்தால் பழைய எண்ணை அடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒரே நிலத்துக்கு இரண்டு பேர் அரிவாளோடு வருவார்கள் என்பது எங்கள் ஆபீஸ் பியூனுக்குக்கூடத் தெரியும். குறைந்தபட்சம் 7/1, 7/2 என்று உட்பிரிவாவது செய்திருக்கலாமே. யாரிடம் சொல்வது?

பழைய ஏழில்தான் உங்கள் போன் வந்தது. "சம்பந்தி, எங்க நிக்கிய?" என்றீர்கள். ஏழில் என்றேன். "நாங்களும் ஏழுலதான நிக்கோம்" என்றீர்கள். குரலிலேயே, இவன் வீட்டில் படுத்துக்கொண்டு பேசுகிறான் என்கிற சந்தேகம் தெரிந்தது. அந்த நேரம் பார்த்துத் தகரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பெண்மணி உங்கள் ஊர்த் தமிழில் பெட்டி படுக்கையை எண்ணுவது காதில் விழுந்தது. தங்கள் தமக்கையார் செல்லக்கனி அம்மாளும் வருகிறார் என்று முன்பே சொல்லியிருந்தீர்கள் அல்லவா? எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தகரம் தலைக்கு மேலே உயரம், சுற்றி வர வழியும் தெரியவில்லை. மரியாதை தாமதமாகக் கூடாதே என்று, "இந்தாங்க, மாலை வருது" என்று போனில் சொல்லிவிட்டு, மாலையைத் தகரத்துக்கு மேலாக வீசினேன். நல்லெண்ணத்தில்தான் வீசினேன். அடுத்த நொடி அந்தப் பக்கத்திலிருந்து, "எவம்ல அது, எம் மேல மாலையத் தூக்கிப் போட்டவன்? மூஞ்சியக் காட்டுல" என்று குரல் வந்தது.

சம்பந்தி, மற்றதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். ஆனால் எங்கள் ஊர் 'டா' மாதிரி 'ல' போட்டு என்னை யாரும் அழைத்ததில்லை. ஜமாபந்தியில் கலெக்டர்கூட 'மிஸ்டர் ஏகாம்பரநாதன்' என்றுதான் கூப்பிடுவார். தமக்கையார் வயதில் மூத்தவர், பயணக் களைப்பு, எதிர்பாராமல் தலையில் மாலை, எல்லாம் எனக்குப் புரிகிறது. அந்த ஒரு 'ல'வை மட்டும் அவர் திரும்பப் பெற்றுக்கொண்டால் என் மனம் ஆறும்.

பிறகு நீங்கள் போனில், "என்ன மாலையோ என்னமோ, ஒண்ணும் வெளங்கல. சரி சம்பந்தி, அப்பம் நாங்க வாரோம்" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். வாரோம் என்றால் நான் என்ன நினைப்பேன்? தகரத்தைச் சுற்றிக்கொண்டு என்னிடம் வருகிறீர்கள் என்றுதானே? போகிறவரும் வாரோம் என்கிறார், வருகிறவரும் வாரோம் என்கிறார். வீட்டு வாசலாக இருந்தால் விடைபெறுகிறார் என்று புரியும். தகரத்துக்கு இரண்டு பக்கமும் நின்றுகொண்டு சொன்னால் எப்படிப் புரியும்? நான் நின்றேன். வெயில் ஏறியது. நின்றேன். டிக்கெட் பரிசோதகர் வந்து, பக்கத்து நிலையத்துக்குச் சீட்டு வைத்துக்கொண்டு ஏன் காலையிலிருந்து இங்கேயே நிற்கிறீர்கள், வண்டி வரவில்லையா என்றார். சம்பந்தி வரவில்லை என்றேன். அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துவிட்டு, நிழலில் நிற்கச் சொல்லிப் போய்விட்டார். மத்தியானம் வசந்த் கூப்பிட்டுத்தான் விஷயம் தெரிந்தது. நீங்கள் அப்போதே திரும்புகிற பஸ் ஏறிவிட்டீர்களாம். மாப்பிள்ளை வீட்டார் வரவேற்க மனமில்லாமல் ஒளிந்துகொண்டார்கள் என்றீர்களாம். இங்கே கம்பெனியில் வேலை பார்க்கிற உங்கள் மகள் மாரிசெல்வியை, இந்த மாதத்தோடு வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வா என்று சொல்லிவிட்டீர்களாம்.

வாடகைக் காரைத் தேடிப் போனால், வண்டி நிறுத்துமிடத்தையும் மறுசீரமைத்திருந்தார்கள். பஸ் மாறி மாறி வீடு வந்து சேர்ந்தேன். ஆறிப்போன கோயில் இட்லிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த காஞ்சனா, "வூட்டுக்கு வர்றவங்கள கூட்டியாறத் தெரியல, இன்னா சர்வேயரு" என்றாள். அதுதான் அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது.

இனி மறைக்காமல் கேட்கிறேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. என் மகன் எதையும் வாய்விட்டுக் கேட்கிற பிள்ளையில்லை. பிறந்ததிலிருந்து எங்களிடம் அவன் கேட்டது உங்கள் பெண் ஒருத்தியைத்தான். அதையும் நான் ஒரு தகரத்தின் பக்கத்தில் நின்று கெடுத்துவிட்டேன் என்றால் எப்படித் தாங்குவேன்? கோபத்தை என்மேல் வையுங்கள், பிள்ளைகள்மேல் வேண்டாம். தயவுசெய்து இன்னொரு முறை வீடு பார்க்க வாருங்கள். எந்த வண்டி, எந்தப் பெட்டி என்று மட்டும் சொல்லுங்கள், முதல் நாளே போய் எல்லா ஏழாம் நடைமேடையையும் பார்த்து வைத்துவிடுகிறேன்.

மாரிசெல்விக்கு எங்கள் ஆசிகள். தமக்கையாருக்கு, அந்த 'ல' நீங்கலாக, என் பணிவான வணக்கம். வீட்டுப் பெரியவர்கள் பாதத்துக்கு நமஸ்காரம்.

இப்படிக்கு,
என்றும் தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
அ. ஏகாம்பரநாதன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் வாசலில் கம்பெனி பஸ் நின்றது. மாரிசெல்வி இறங்கினாள். சுங்குவார்சத்திரம் ஹாஸ்டலிலிருந்து தனியாகத்தான் வந்திருக்கிறாள். கல்யாணத்துக்கு முன்னால் மருமகள் வாசற்படி ஏறலாமா என்று காஞ்சனா யோசித்து முடிப்பதற்குள் அந்தப் பெண் உள்ளே வந்து கூடம், சமையலறை, மாடி எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டாள். பிறகு இந்தக் கடிதத்தை வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு அப்படிச் சிரித்தாள், காஞ்சனாவும் சிரித்து, என்னிடம் பேசியும் விட்டாள். கட்டட வேலை முடிகிறவரை உங்கள் வண்டியை ஒரு நிலையம் முன்னாலேயே நிறுத்திவிடுகிறார்களாம். நீங்கள் இறங்கி நின்ற ஏழு அந்த ஊர் ஏழாம். ஹாஸ்டலில் எல்லாருக்கும் இது தெரியுமாம், எனக்கும் தெரிந்திருக்கும் என்றுதான் அவள் சொல்லவில்லையாம். தமக்கையார் செல்லக்கனி அம்மாளோ, ரயில் ஏறினாலே மயக்கம் வரும் என்று ஊரைவிட்டே கிளம்பவில்லையாம். ஆகவே 'ல' பற்றி நான் மேலே எழுதியதை அடித்துவிட்டதாகப் பாவித்து, தமக்கையார் என்னை மன்னிக்க வேண்டும். மாலை யார் தலையில் விழுந்தது என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விரும்பவில்லை.

இன்னொரு முறை வீடு பார்க்க வாருங்கள் என்று எழுதியதும் இனித் தேவையில்லை. "பாத்துட்டுப் போறது அப்பா, குடியிருக்கப் போறது நான். பாக்க வேண்டியவ நான்தான மாமா" என்றாள். எங்கள் முன்னாலேயே உங்களுக்குப் போன் போட்டாள். எனக்கு இரண்டு நாளாக எடுக்காத போனை அவளுக்கு முதல் மணியிலேயே எடுத்தீர்கள். நடந்ததைச் சொல்லி, வீடு தனக்குப் பிடித்திருக்கிறது என்று அவள் சொன்னதும் உங்கள் காதில் விழுந்தது, நீங்கள் "சரிம்மா" என்றது எங்கள் காதிலும் விழுந்தது. நிச்சயதார்த்தத்தை உங்கள் ஊரிலேயே வையுங்கள். நாங்கள் பஸ்ஸில் வருகிறோம்.