பருத்தி மரமும் சம்பந்தியின் கைப்பையும்

கோழி கேறினால்கூட, கூண்டுக்குள் கையை விட்டு முட்டையைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் நம்புகிற ஆள் நான். பாவசங்கீர்த்தனத்தில் இதைப் பலமுறை சொல்லியாயிற்று. சாமியாரும் மன்னித்துவிட்டார் (மனசார மன்னித்தாரா என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம்தான்). அந்தப் புத்தி என் மகள் ரோஸியின் கல்யாணத்தையே கவிழ்க்கப் பார்த்த கதையைச் சொல்கிறேன்.

எங்கள் வீடு பாடாலூருக்குப் பக்கத்தில். ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் அரியலூரிலிருந்து ரோஸிக்கு ஒரு வரன் வந்தது. பையனுக்கு சிமெண்டு ஆலையில் வேலை. பெண்ணைப் பார்த்தார்கள், பிடித்துவிட்டது. பையனின் அம்மா அந்தோணியம்மாள் மட்டும், கிறிஸ்துமஸுக்கு ரெண்டு நாள் முன்னால் வந்து வீட்டைப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றார். ரோஸிக்கு ஏற்கெனவே ரெண்டு வரன் தட்டிப்போயிருந்தது. போதாக்குறைக்கு, இந்தப் பையனிடமிருந்து போன் வந்தால் அவள் மாடிக்கு ஓடுவதையும் கவனித்திருந்தேன் (மாடியில் காய்கிற வத்தலுக்கு அவ்வளவு காவல் தேவையில்லை). இது தட்டிப்போனால் அவள் தாங்கமாட்டாள் என்று தெரிந்தது.

மருமகள் பிலோமினா, பெரம்பலூர் டவுனில் பிளாஸ்டிக் மரம், ஜிகினா, நட்சத்திரம் எல்லாம் செட்டாகவே கிடைக்கிறது, வாங்கிவிடலாம் என்றாள். கடைக்காரனுக்கும் இவளுக்கும் ஏதோ ஏற்பாடு இருக்கிறது என்று எனக்குப் பட்டது. காடு நிறைய செடி நிற்கும்போது யாராவது மரத்தைக் காசு கொடுத்து வாங்குவார்களா? ஒரு பைசா செலவில்லாமல் நானே ஜோடித்துக் காட்டுகிறேன் என்று சவால் விட்டேன்.

நிஜமாகவே ஜோடித்தேன். மக்காச்சோளக் கதிர் உரித்த தோலை ஈர்க்குச்சியில் வைத்துக் கட்டி நட்சத்திரம். கொட்டாங்குச்சிகளில் கேழ்வரகு தூவி, குடிலுக்குப் பச்சைப் புல். கரிசல் மண்ணைக் குழைத்து மலை. மரத்துக்குத்தான் என் மூளை அபாரமாக வேலை செய்தது. பக்கத்துக் காட்டில் மழையில் நனைந்து தரம் கெட்டுப்போன பருத்தியை, எடுத்தால் கூலிக்குக்கூடக் கட்டாது என்று செடியோடு விட்டிருந்தார்கள். கேட்டு, நாலு பெரிய செடியை வெட்டி வந்து ஒன்றாகக் கட்டி, பழைய குடத்தில் மண் போட்டு நட்டேன். வெடித்த காயெல்லாம் பஞ்சு. வெளிநாட்டில் பனி விழுகிற மரம்கூட அப்படி இருக்காது (நான் பார்த்ததில்லை. பார்த்தவர்கள் சொன்னாலும் நம்பியிருக்கமாட்டேன்).

மறுநாள் காலையில் பஞ்சுக்கு நடுவே சின்னச் சின்னதாகச் சிவப்பாக ஏதோ தெரிந்தது. எனக்குத் தெரியாமல் பிலோமினா கடைச் சாமான் வாங்கி ஒட்டியிருக்கிறாள், நாளைக்கு ஜோடனையில் பங்கு கேட்பாள் என்று முடிவுகட்டினேன். ஆனால் பார்க்க நன்றாக இருந்ததால் பேசாமல் விட்டுவிட்டேன். கிட்டே போய்ப் பார்த்திருக்கலாம். மூக்குக்கண்ணாடி அலமாரியில் இருந்தது, எடுக்கச் சோம்பல்.

கடைசியாகக் குடிலில் பாலன் இயேசு பொம்மையைக் கொண்டுபோய் வைத்தேன். பிறப்பு அன்றுதான் பாலனைக் கிடத்த வேண்டும், அதுவரை தொட்டில் காலியாக இருக்க வேண்டும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் காலித் தொட்டிலைப் பார்த்தால், கஞ்சத்தனத்தில் பாலனைக்கூட வாங்காமல் விட்டுவிட்டார்கள் என்று அந்தோணியம்மாள் நினைத்துவிட்டால்?

சொன்னபடி அவரும் அவர் வீட்டுக்காரரும் வந்தார்கள். சந்தன நிறச் சேலை, கையில் கறுப்புப் பை. என் கைவேலை கண்ணில் பட வேண்டுமென்று மரத்தை ஒட்டியே நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். "ரொம்ப வித்தியாசமா இருக்குங்க" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குச் சரியாகப் படவில்லை.

அதிரசமும் காபியும் வந்தன. ஊர்க்கதை பேசினோம். பேசும்போதே அவர் கண் மடியைப் பார்க்கிறது. கை மெல்ல நகர்கிறது. எதையோ எடுக்கிறது. பை ஜிப் திறக்கிறது, மூடுகிறது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதே கதை. நான் பேசுவது அவர் முகத்தைப் பார்த்து, கண் மட்டும் ஜிப்பின் மேல். இன்னொரு வாய் காபி எடுத்துவர உள்ளே போய்த் திரும்பினால், குடிலில் தொட்டில் காலி.

என் மாமியார் கொடுத்த பாலன் அது. சுண்டுவிரல் உடைந்திருக்கும், அவ்வளவுதான். மறுபடி ஜிப் சத்தம் கேட்டது.

நான் காபியைக் கீழே வைத்துவிட்டு, தேன் ஒழுகுகிற குரலில் கேட்டேன்: "அந்தப் பையைச் சித்த தொறந்து காட்டுறீங்களா?"

ரோஸி, "அம்மா, என்னம்மா இது" என்றாள். அந்தோணியம்மாள் முகம் வெளுத்துவிட்டது.

"வேணாங்க. விட்டுருங்க. நான் வூட்டுக்குப் போயி பாத்துக்கிறேன்."

வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்வாராமே. எனக்கு அதுக்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை. "எங்க பாலனை இங்கயே பாத்துருவோம். தொறங்க" என்றேன்.

அவர் பையைத் திறந்து, முடிச்சுப் போட்ட ஒரு கைக்குட்டையை எடுத்து அவிழ்த்தார். பதினைந்து இருபது சிவப்புப் பூச்சிகள். பருத்திக்காயில் குடியிருக்குமே, அதே பூச்சிகள். விடுதலையான சந்தோஷத்தில் சில அவர் சேலை மேலேயும், சில அதிரசத் தட்டுப் பக்கமும் ஊர்வலம் போயின.

"உங்க மரத்துலேருந்து சேலையில ஏறிச்சுங்க" என்றார் அந்தோணியம்மாள். "தட்டிவுட்டா பலகாரத்துல வுழும். சொன்னா நீங்க சங்கடப்படுவீங்களேன்னு ஒண்ணொண்ணா புடிச்சு முடிஞ்சு வெச்சேன்."

அப்போதுதான் பிலோமினா அடுப்படியிலிருந்து கையில் பாலனோடு வந்தாள். "அரிசி டப்பாவுல வெச்சிருந்தேங்கத்த. இன்னும் பொறக்கலீல்ல, அதான் இவங்க வர்றதுக்கு முந்தியே எடுத்துட்டேன்."

பூமி பிளக்கும் என்று காத்திருந்தேன். கரிசல் பூமி, வெயிலில் தானாகப் பிளக்கிற மண், அன்றைக்கென்று பார்த்துப் பிளக்கவில்லை. அதுவரை வாயே திறக்காத பையனின் அப்பா எழுந்து, சட்டைக் காலரைத் தூக்கிக் காட்டினார். "எங்கிட்டயும் ரெண்டு இருக்கு. சோதனை போடுறதுன்னா போட்டுருங்க."

யாரும் சிரிக்கவில்லை. அவர் மட்டும் சிரித்தார்.

கிளம்பிப் போய்விட்டார்கள். மரத்தைத் தூக்கிக் குப்பைமேட்டில் போட்டேன். ரோஸி என்னோடு பேசவில்லை. அந்தக் கிறிஸ்துமஸுக்குச் செய்த பிரியாணியை அவள் தொடவே இல்லை. மாடிக்கும் போகவில்லை. அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை. பண்டிகை முடிந்த மறுநாள் நானே அரியலூருக்குப் போன் போட்டேன். மன்னிப்புக் கேட்கத்தான் போட்டேன், வாய் வரவில்லை. அந்தோணியம்மாளே பேசினார்.

"பொண்ணப் புடிச்சிருக்குங்க. ஆனா ஒரு கண்டிஷன்."

நகையா, வண்டியா என்று என் புத்தி எங்கெங்கோ ஓடியது.

"கல்யாண மண்டபத்துல எங்க சனத்தோட பையெல்லாம் தொறக்கச் சொல்லக் கூடாது."

ரோஸியைக் கூப்பிட்டுப் போனைக் கையில் கொடுத்தேன். அவள் அதை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினாள்.

இப்போது அவளுக்கு ஒரு மகள், ஒண்ணாவது படிக்கிறாள். வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு எல்லோரும் இங்கே வருவார்கள். சம்பந்தியம்மா வாசலிலேயே நின்று, "பாத்துக்குங்க சம்பந்தி" என்று பையை அகலமாகத் திறந்து நீட்டுவார். அவருக்குப் பின்னால் பேத்தி தன் ஸ்கூல் பையைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பாள். தெருவே சிரிக்கும்.

நானும் சிரித்துக்கொண்டே ரெண்டு பைக்குள்ளும் ஒரு தடவை நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் வழி விடுவேன்.