மாசிலாமணிப் பாம்பின் முகப் பூட்டு

ஒரு காட்டில் மரங்களைவிடக் கடவுச்சொற்கள் பெருகிவிட்ட காலம் அது. அங்கே ஒரு புற்றில் மாசிலாமணி என்ற சாரைப்பாம்பு குடியிருந்தது. வயதான பாம்பு. விஷம் கிடையாது. ஆனால் விஷப் பாம்புகளுக்கும் இல்லாத ஞாபகசக்தி உண்டு. யார், எந்த வருஷம், எந்த மழையில் தன்னை என்ன சொன்னார்கள் என்பது ஒன்றுவிடாமல் அதற்கு நினைவிருக்கும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், மழைக்கு எல்லோரும் ஒரு பாறைக்கடியில் ஒதுங்கியிருந்தபோது, பக்கத்து வளைப் பெருச்சாளி வேதநாயகம், "இவனெல்லாம் ஒரு பாம்பா? நெளியற கயிறு!" என்றது. அத்தனை பிராணிகளும் சிரித்தன. அன்றைக்கே அதை விழுங்கியிருக்க வேண்டும். ஆனால் வேதநாயகம் சாரையின் வாய்க்கு அடங்காத பருமன். ஆகவே மாசிலாமணி கோபத்தை மட்டும் விழுங்கியது. இன்றுவரை செரிக்கவில்லை.

அந்தக் காட்டின் அலுவலகம் புற்றுக்கு ஒன்று, வளைக்கு ஒன்று என்று கணினி கொடுத்திருந்தது. எல்லாம் ஒரு படிவத்துக்காக. ஆடி மாதம் முடிவதற்குள் ஒவ்வொரு பிராணியும் தன் சொந்தக் கணினியைத் திறந்து 'இருக்கிறேன்' என்று அழுத்த வேண்டும். அல்லது 'இன்னாருக்கு விட்டுக்கொடுத்துக் காலி செய்கிறேன்' என்று அழுத்த வேண்டும். இரண்டும் செய்யாவிட்டால் ஆளில்லாத வீடு என்று முடிவுகட்டி, மறுநாளே யானை வந்து மிதித்துத் தரைமட்டமாக்கிவிடும். யானைக்கு அந்த உத்தியோகம் ரொம்பப் பிடித்திருந்தது.

கணினி வந்த நாளிலிருந்து மாசிலாமணியின் நிம்மதி போனது. சுருண்டு படுத்தால் 'டிங்' என்று சத்தம். 'உங்கள் அருகில் கொழுத்த தவளைகள்!' ஊர்ந்துபோய்ப் பார்த்தால் விளம்பரம். மறுபடி 'டிங்'. 'உங்கள் ஒன்றுவிட்ட சித்தப்பா மலைப்பாம்பு ஒரு படம் போட்டிருக்கிறார்.' அந்தச் சித்தப்பாவோடு பேச்சுவார்த்தை நின்று பதினோரு வருஷம். ஒருநாள் சுண்டெலி ஒன்று தானாகவே வாசல்வரை வந்து மூக்கை நீட்டியது. மாசிலாமணி மூச்சைப் பிடித்துக்கொண்டது. 'டிங்' என்றது கணினி. எலி போயே போய்விட்டது. அன்று மாசிலாமணி தன் பகையாளிகளின் வரிசையில் கணினியையும் சேர்த்தது.

கணினி வேலை தெரிந்த ஒரே ஆள் ஓணான் செங்கோடன். நல்ல வேலைக்காரன்தான். யார் எதைச் சொன்னாலும் தலையாட்டிவிடுவது மட்டும் அதன் பிறவிக் கோளாறு.

"எனக்கு ரெண்டே காரியம் வேணும் செங்கோடா. ஒருத்தனும் உள்ள வரக் கூடாது. ஒருத்தனும் என்னைக் கூப்பிடக் கூடாது."

ஓணான் தலையாட்டியது. "அமைப்புகளுக்குள்ள போயி மாத்திடலாம்ணே. அறிவிப்பு எல்லாத்தையும் நிறுத்திடவா?"

"நிறுத்து."

"அவசரம்னா மட்டும் சிலரை விடட்டுமா? அலுவலகம், சொந்தக்காரங்க..."

"சொந்தக்காரங்களைத்தான்டா முதல்ல நிறுத்தணும். அலுவலகத்தையும் நிறுத்து."

கணினி 'உறுதியாகவா?' என்று கேட்டது. அதற்கும் ஓணான் தலையாட்டியது.

"பூட்டுக்கு பாஸ்வேர்டு என்ன வைக்கட்டும்ணே?"

"வாய்விட்டுச் சொன்னா வேதநாயகத்துக்குக் கேட்கும்."

"அப்ப கைரேகை வச்சுடலாமா?"

மாசிலாமணி தன் உடம்பை வால்வரை ஒருமுறை பார்த்தது. பிறகு ஓணானைப் பார்த்தது.

"தப்பா நினைச்சுக்காதீங்கண்ணே, வாய் தவறிடுச்சு. முகத்தை வைப்போம். உங்க முகத்துச் செதிலை அப்படியே படம் பிடிச்சு வச்சுக்கும். வேற யார் வந்தாலும் திறக்காது. ஒரு நிமிஷம் யாரும் தொடலைன்னா தானாப் பூட்டிக்கும். ஆனா ஒண்ணு. பூட்டு மக்கர் பண்ணினா உதவிக்கு நம்பிக்கையான ஒருத்தர் பேரு கேட்குது."

மாசிலாமணி யோசித்தது. மயில் சரிப்படாது, பார்க்கிற பார்வையே சரியில்லை. உடும்பு மழைநாளில் சிரித்த கூட்டத்தில் இருந்தது. ஆமை போன வருஷம் எதிரே வந்தும் வணக்கம் சொல்லவில்லை. கேட்டால், தலை உள்ளே இருந்ததாம்! நல்ல சாக்கு.

"காலியா விடு," என்றது மாசிலாமணி. ஓணான் தலையாட்டிவிட்டுப் போனது.

இரண்டு பேருக்குமே ஒன்று தோன்றவில்லை. ஓணானும் தோல் உரிக்கும். ஆனால் அங்கொரு துண்டும் இங்கொரு துண்டுமாக, யாருக்கும் தெரியாமல். பாம்பு அப்படி இல்லை.

நாற்பது நாள் புற்றுக்குள் சத்தமே இல்லை. மாசிலாமணி ஆனந்தமாகச் சுருண்டு கிடந்தது. படிவத்தைப் பற்றி அலுவலகம் அனுப்பிய மூன்று நினைவூட்டல்களும் சத்தம் காட்டாமல் வந்து சத்தம் காட்டாமல் கிடந்தன. இதற்கிடையில் உரிக்கிற காலமும் வந்தது. உதட்டில் தொடங்கி, கண்மேல் இருக்கும் மெல்லிய மூடியும் சேர, காலுறையைக் கழற்றுவதுபோல முழுச் சட்டையையும் மாசிலாமணி கழற்றியது. அதை வாசல் காரைமுள் செடியில் விட்டுவிட்டு உள்ளே வந்தது. உடம்பு புதுப் பாத்திரம்போல மின்னியது.

ஒருநாள் காலையில் வாசலில் நிலம் அதிர்ந்தது. யானை நின்றிருந்தது. காலை மடக்கி மடக்கிப் புற்றின் அகலத்தை அளந்துகொண்டிருந்தது.

"இன்னையோட ஆடி முடியுதுங்க. உங்களுது இன்னும் வரலை. நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு வரட்டுமா? உங்களுக்குச் சௌகரியப்படுமா?" என்று மரியாதையாகக் கேட்டது.

மாசிலாமணி பதறிப்போய்க் கணினியின்முன் முகத்தைக் காட்டியது. 'நீங்கள் மாசிலாமணி அல்ல' என்றது கணினி. வலப்பக்கம் திரும்பிக் காட்டியது. 'நீங்கள் மாசிலாமணி அல்ல.' இடப்பக்கம் காட்டியது. கணினி அதன் படத்தைப் பிடித்து, கீழே 'அந்நியர்' என்று எழுதி, 'தயவுசெய்து மாசிலாமணியை அழைத்து வரவும்' என்றது.

மாசிலாமணி ஓணானிடம் ஓடியது. "அண்ணே, பழைய சட்டை இருக்கில்ல? அதை எடுத்து மூஞ்சில மாட்டிக்கிட்டுக் காட்டுங்க, திறந்துடும்," என்றது ஓணான். நல்ல யோசனைதான். திரும்பி வந்து பார்த்தால் காரைமுள் செடியில் சட்டை இல்லை.

யானை பேசியதையும் கணினி விரட்டியதையும் பக்கத்து வளையிலிருந்து ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார் அல்லவா? அவருக்கு ஓணானின் யோசனை அதற்கு முன்பே வந்துவிட்டது.

மாசிலாமணி புற்றின் பக்கத்து ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தது. உள்ளே வேதநாயகம் பாம்புச் சட்டையைத் தலையிலிருந்து இழுத்து மாட்டிக்கொண்டு, நடுவில் மட்டும் பிதுங்கி, கணினியின்முன் உட்கார்ந்திருந்தது.

'வணக்கம் மாசிலாமணி! வருக, வருக!' என்றது கணினி. உண்மையான மாசிலாமணியை அது ஒருநாளும் இரண்டு தடவை 'வருக' என்றதில்லை.

வேதநாயகம் படிவத்தைத் திறந்து, வேதநாயகத்துக்கே புற்றை விட்டுக்கொடுப்பதாக மாசிலாமணியின் பெயரால் எழுதியது. முடிக்கப்போகும்போது கணினி ஒன்பது படங்களைக் காட்டி, 'தவளைகளை மட்டும் தொடவும்' என்றது. பெருச்சாளிக்குத் தவளை எது, தேரை எது என்று எப்படித் தெரியும்? நான்கு தடவை தப்பாகத் தொட்டது. நான்கு தடவையும் புதிதாக ஒன்பது படங்கள் வந்தன.

உள்ளே பாய்ந்தால் பெருச்சாளி கடித்து இரண்டு துண்டாக்கிவிடும். மாசிலாமணி ஓட்டையிலிருந்து தலையை எடுத்தது. நேராக இலந்தை மரத்தடிக்குப் போனது. அங்கே கீரி வீரபாகு படுத்திருந்தது. தான் பார்த்து வைத்திருந்த கௌதாரி முட்டையை மாசிலாமணி தின்றுவிட்டது என்று ஒரு வருஷமாகக் கறுவிக்கொண்டிருந்த கீரி அது.

கீரி ஒரே துள்ளலில் எழுந்தது. "வாடா மாசிலாமணி!"

"நில்லுங்க! நான் மாசிலாமணி இல்லை."

"யாருகிட்ட கதை விடறே? சாரை, அதே நீளம்."

"நான் சொல்லலைங்க, கணினி சொல்லுது. ரெண்டு தரம் சொல்லிடுச்சு. அந்நியர்னு படத்துக்குக் கீழே எழுதியே போட்டுடுச்சு. நிஜ மாசிலாமணி இப்ப புத்துக்குள்ள உட்கார்ந்திருக்கான். கணினி அவனைப் பேரு சொல்லி வணக்கம் வச்சுது. வேணும்னா போய்ப் பாருங்க."

கணினி சொன்னதை மறுத்துப் பேச அந்தக் காட்டில் சிங்கத்துக்கே தைரியம் கிடையாது. கீரி அரைநொடி தயங்கிவிட்டுப் புற்றுக்குள் பாய்ந்தது.

"ஐயையோ, நான் மாசிலாமணி இல்லீங்க!" என்று அலறியது வேதநாயகம்.

"பாம்புச் சட்டை போட்டிருக்கே. திரையில பேரு எழுதியிருக்கு. இல்லைன்னா விட்டுடுவேனா? எங்கடா என் முட்டை?"

சட்டை பாதி கிழிந்து, வால் பாதி கீரியின் வாயில் இருக்க, வேதநாயகம் காரைமுள்ளுக்குள் புகுந்து, ஓடையைத் தாண்டி, காட்டெல்லையையும் தாண்டி ஓடியது. கீரி விடாமல் பின்னால் ஓடியது. முட்டை விஷயத்தைக் கேட்டுக்கொண்டே ஓடியது.

மாசிலாமணி உள்ளே நுழைந்தது. திரை இன்னும் திறந்திருந்தது. பூட்டிக்கொள்ள ஒரு நிமிஷம்கூட முழுதாக இல்லை. விட்டுக்கொடுப்பதாக இருந்ததை மூக்கால் தட்டி அழித்து, 'இருக்கிறேன்' என்பதை அழுத்தியது. ஒன்பது படங்கள் வந்தன. எச்சில் ஊற, ஒரே பார்வையில் நான்கு தவளைகளையும் தொட்டது. தேரைப் பக்கம் திரும்பக்கூட இல்லை. 'நன்றி மாசிலாமணி' என்றது கணினி. உடனே பூட்டிக்கொண்டது.

மறுநாள் சரியாக எட்டு மணிக்கு யானை வந்தது. முகம் வாடிப்போய்ப் புற்றைத் தாண்டிச் சென்று, பக்கத்து வளையை மிதித்துத் தரைமட்டமாக்கியது. புதுவீடு கிடைக்கப்போகிறதே என்று வேதநாயகம் தன் படிவத்தை அனுப்பவே இல்லை.

நீதி: முகத்தைப் பார்த்துத் திறக்கிற பூட்டை மட்டும் நம்பியிருக்காதே, அந்த முகத்தைப் பார்த்தாலே கடிக்க வருகிற ஒரு பகையாளியையும் பக்கத்திலேயே வைத்துக்கொள்.