கத்தரிக்காய் டெலிபோன்

எங்கள் தெருவில் அப்போது யார் வீட்டிலும் டெலிபோன் கிடையாது. ஆனால் அம்பத்தூரிலேயே அதிகமாக டெலிபோன் பேசிய ஆள் எங்கள் தெருவில்தான் இருந்தார். அவர்தான் ஹலோ அக்கா!

ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை. பகலெல்லாம் பேசியது போதாதென்று வீட்டுக்கு வந்தும் பேசுவார். எதிரே ஒரு குழந்தை இருந்தால் போதும். சோப்பு டப்பாவோ செருப்போ, கையில் கிடைத்ததுதான் ரிசீவர். ஒருமுறை தள்ளுவண்டிச் சுரைக்காயைக் காதில் வைத்து, பக்கத்து வீட்டுப் பொடியனோடு சிங்கத்தின் சாப்பாட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். காய்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

"யம்மோவ், போனை வெச்சுட்டு காயைக் குடு!"

"லைன் பிஸி நைனா!" என்றார் அக்கா.

என் மகள் மாலாவுக்கு மூன்று வயதாகியும் ஒரு வார்த்தை வரவில்லை. கூப்பிட்டால் திரும்புவாள், சொன்னதைச் செய்வாள், வாய் மட்டும் திறக்காது. மாங்காட்டு அம்மனிடம் அழுதுவிட்டு வந்தேன். "அம்மா சொல்லு, அப்பா சொல்லு" என்று வீடே அவளுக்குப் பரீட்சை வைத்தது. அவள் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டாள்.

ஹலோ அக்காவும் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டார்! "சொல்லு" என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. ஆளுக்கொரு கத்தரிக்காய். மாலா தன்னுடையதைப் பூனையின் காதில் வைத்தால் அக்கா பூனையோடு பேசுவார். "ஹலோ, பூனையாரா? பால் குட்ச்சியா?" பிறகு பேசாமல் மாலாவின் முகத்தையே பார்த்திருப்பார். அவள் சிரித்தால், "ஓ, குட்ச்சாச்சா!" என்று அடுத்த கேள்விக்குப் போவார். தினமும் இதே கூத்து. எனக்கு நம்பிக்கையே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் வாசலுக்கு வந்தது. மாலா எதிர்வீட்டு ஆட்டின் காதில் கத்தரிக்காயை வைத்தாள். அக்கா, "ஹலோ, ஆட்டாரே..." என்று ஆரம்பிக்கும்போதே ஆடு திரும்பி ஒரே கடி! முக்கால் டெலிபோன் காலி.

"ஆடு! உடு! போனு!"

தெருவே திரும்பிப் பார்த்தது. மாலாதான்! நான் அலறிக்கொண்டு ஓடினேன். அக்கா கையை நீட்டி என்னைத் தடுத்துவிட்டு, தன் கத்தரிக்காயை நிதானமாகக் காதில் வைத்தார்.

"ஹலோ, யாரு பேசறது? இன்னா ஆச்சு?"

மாலா மிஞ்சிய காம்பைக் காதில் வைத்துக்கொண்டாள். "அலோ! ஆடு போனு துன்னுச்சு!"

"ஐயையோ! வேற போன் ஓணுமா?"

"ஓணும்!"

எனக்கு விம்மல் வெடித்தது. அக்கா திரும்பி முறைத்தார். "இன்னாத்துக்கு அழுவுறே தங்கச்சி? கொயந்த பேசிகினு கீது. குறுக்க வராதே!"

பிறகு எத்தனையோ ஊர் மாறிவிட்டோம். வீடு பார்க்கப் போனால் எல்லோரும் தண்ணீர் வருமா என்று விசாரிப்பார்கள். நான் மட்டும் பக்கத்து வீட்டை எட்டிப் பார்ப்பேன், ஹலோ அக்கா மாதிரி ஒருத்தி அங்கே இருந்துவிட மாட்டாளா என்று.