முப்பது சாமந்தித் தொட்டிகள்

சித்தூர், திருப்பதி வட்டாரத்திலேயே உண்மையை மட்டும் பேசித் தன் வியாபாரத்தைத் தானே கெடுத்துக்கொண்ட ஒரே ஆள் எங்கள் 'ஸ்பிரிட்'தான். சித்தூர் சாலையில் பூச்செடி நர்சரி வைத்திருக்கிறார். ஒரு செடியை வெட்டினால், கத்தரியை ஸ்பிரிட்டில் துடைத்த பிறகுதான் அடுத்த செடியைத் தொடுவார். பக்கத்தில் போனாலே ஆஸ்பத்திரி வாசனை. சொந்தப் பெயர் அவருக்கே ஞாபகம் இருக்கிறதா என்பது சந்தேகம்.

ஆசையாக யாராவது ஒரு தொட்டியைத் தூக்கினால், "வத்தும்மா, வேணாம்! அத்த வாங்காத! வேரு சரியில்ல" என்று கத்துவார். கடை அவருடையதுதான். எங்கள் எதிர்வீட்டு டீச்சரம்மா, ரோஜாவின் அடித்தண்டில் புடைத்த கட்டியைப் பிள்ளையார் என்று நம்பி மஞ்சள் குங்குமம் வைத்திருந்தார். இவர் குனிந்து பார்த்தார். "சாமியில்லம்மா, பாக்டீரியா. புடுங்கி எரிச்சிடு." டீச்சரம்மா அவரோடு பேச்சை நிறுத்தினார்; ரோஜாவைச் சுற்றுவதை மூன்றிலிருந்து ஒன்பதாக உயர்த்தினார்.

என் மனைவியின் வளைகாப்புக்குச் சாமந்திக் கன்றுதான் ரிட்டர்ன் கிஃப்ட் என்று மாமியார் முடிவு செய்தார். அவருடைய சாமந்தி ஒன்றின் அடியில், மண்ணோடு ஒட்டி, குட்டை குட்டையாகக் கொத்துத் தளிர்கள். "பாத்தீங்களா மாப்ள, ஒரு தாய்க்கு எத்தன புள்ளைங்க! இதவிட நல்ல சகுனம் இன்னா இருக்குது?" என்று அதையே பிய்த்துப் பிய்த்து முப்பது தொட்டிகளில் நட்டுவிட்டார்.

வளைகாப்புக்கு ஸ்பிரிட்டும் வந்தார். தாம்பூலப் பைகளுக்குப் பக்கத்தில் வரிசையாக இருந்த தொட்டிகளைப் பார்த்ததும் அப்படியே குந்திவிட்டார். கன்னத்தில் சந்தனத்தோடு மனைவி உட்கார்ந்திருக்கிறாள். ஏற்கெனவே ஒருமுறை கரு கலைந்ததில், யார் என்ன சொன்னாலும் பயந்துபோகிறவள். இந்த மனிதர் இப்போது "புடுங்கி எரி" என்றால்?

எழுந்தார். மாமியாரைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அம்மா, இவ்ளோ அழகான செடிய நான் பாத்ததேயில்ல. முப்பதையும் எனக்கே குடுத்துடு. இவுங்களுக்கெல்லாம் நான் ரோஜா தரேன்."

"இன்னாய்யா, இவ்ளோ பேராச!" என்றார் ஒரு பெரியவர். கூடம் முழுக்கச் சிரிப்பு. மாமியார் பாதிப் பெருமையும் பாதி எரிச்சலுமாகக் கொடுத்தார். ஸ்பிரிட் அவற்றை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்.

மறுநாள் நர்சரிக்குப் போனேன். செடிகளைக் குழியில் போட்டு எரித்துக்கொண்டிருந்தார்.

"இந்தக் கொத்துத் தளிரும் பாக்டீரியாதான் சார். முப்பது வூட்டுக்குப் போயிருந்தா, ஊர்ல ஒரு சாமந்தி மிஞ்சாது."

"நேத்து அழகுன்னு சொன்னீங்களே?"

"அந்தப் பொண்ணு எதிர்ல நோயின்னு எப்டி சார் சொல்றது? கொயந்த பொறக்கட்டும். அப்பால நீங்களே சொல்லிக்கோங்க."

மகளுக்கு இப்போது மூன்று வயது. நான் இன்னும் சொல்லவில்லை. மாமியாரிடம் போய், உங்கள் செடிக்கு நோய் என்று சொல்லும் தைரியம் யாருக்கு வரும்? அவரும் ஸ்பிரிட்டை இன்றுவரை 'பேராசைக்காரன்' என்றுதான் குறிப்பிடுகிறார். இந்தப் பத்திரிகையை ஒரு வரி விடாமல் படிப்பவர் என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அத்தை, அந்த மனிதர் பொய் சொன்னது உங்கள் மகளுக்காக. அடுத்த தடவை வந்தால், உள்ளே கூப்பிட்டு ஒரு காபி கொடுங்கள். எனக்கு ரொம்ப வேண்டியவர்.