எமனுக்கு மீசை வைத்த கதை

எனக்குப் படம் வரைய வரும் என்று முதன்முதலில் சொன்னவர் யாரென்று மறந்துவிட்டது. நினைவிருந்தால் அவர் மீது வழக்குப் போட்டிருப்பேன்.

வெள்ளைக்காரன் காலம். கோட்டைப் பகுதியில் ஒரு கம்பனியில் கிளாக்கர் வேலை. துரையின் மூக்கை வரைந்து மூன்று பேரைச் சிரிக்க வைத்திருந்தேன். (அதில் இரண்டு பேருக்கு என்னிடம் காரியம் ஆகவேண்டியிருந்தது.) குடியிருந்தது வெள்ளவத்தையில், ரயில் பாதையோரம், பென்சன்காரர் கந்தையர் வீட்டு முன்னறையில்.

கந்தையரின் நாய் ஜிம்மி ரயிலில் அடிபட்டுச் செத்தது. அதன்பிறகு மனிதர் வாயில் சோறு வைக்கவில்லை. மூன்றாம் நாள் அவர் மனைவி என் அறை வாசலில் வந்து நின்றார்.

“தம்பி, தேத்தண்ணியும் வேண்டாமாம். எனக்குப் பயமாக் கிடக்கு. நீர் படம் கீறிச் சிரிப்புக் காட்டுவீராமே.”

“யோசியாதேங்கோ மாமி. அரை மணித்தியாலம் தாங்கோ.”

கை பரபரத்தது. அடுப்புக் கரியும் பெரிய கடதாசியும் எடுத்தேன். ஜிம்மியைப் பிடிக்க வந்த எமன் எருமையை விட்டுவிட்டு ஓடுகிறான். ஜிம்மி அவன் வேட்டியைக் கவ்வி இழுக்கிறது. எமனுக்கு ஒரு முகம் வேண்டுமே. கை தானாகவே ஒன்றைப் போட்டது, பெரிய மீசையோடு. இலங்கையிலேயே இப்படியொரு படம் இல்லை என்ற நினைப்பில் ஓடிப்போய்க் கந்தையரின் மடியில் வைத்தேன்.

அவர் பார்த்தார். பிறகு மெல்லத் தன் மீசையைத் தடவினார். எமனின் மீசை யாருடையது என்று அப்போதுதான் எனக்கே விளங்கியது.

“சரியாத்தான் கீறியிருக்கிறீர். ரயில் பாதைப் பக்கத்துப் படலையைச் சாத்தாமல் விட்டவன் நான்தானே.”

அது எனக்குத் தெரியாது. மாமிக்கும் தெரியாது.

“ஐயா, அது நீங்களில்லை. மீசையை இப்பவே அழிக்கிறன்” என்று குசினிக்குள் பாய்ந்தேன். கரிக்கோட்டை அழிக்கப் பாண் ரொட்டியின் மெத்தென்ற உள்பகுதியை உருட்டி ஒற்றி எடுக்க வேண்டும். ஒரு துண்டு போதும். நான் முழுப் பாணோடு ஓடிவந்தேன்.

கந்தையரின் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. அழுதார். கிட்டப் போனால், அழுதபடியே சிரித்துக்கொண்டுமிருந்தார்.

“நான் கோயிலுக்கு வெளிக்கிட்டால் ஜிம்மி இப்பிடித்தான் வேட்டியைப் பிடிச்சு இழுப்பான். அழியாதேயும் தம்பி. எனக்கு இது வேணும். நல்லா இழுக்கட்டும்.”

சொல்லிக்கொண்டே என் கையிலிருந்த பாணைப் பிய்த்து வாயில் போட்டார். என் விரல் கரியெல்லாம் அதில் அப்பியிருந்தது. அவர் கவனிக்கவில்லை. மாமி பாணுக்குத் தொட்டுக்கொள்ளச் சம்பல் எடுக்க ஓடினார்.

படம் இன்றைக்கும் எங்கள் சாப்பாட்டு மேசைக்கு மேலே தொங்குகிறது, மீசையோடு. வீட்டில் யாராவது கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் கிடந்தால் என் மனைவி (கந்தையரின் மகள்தான்; படத்தைப் பார்த்த பிறகும் என்னைக் கட்டியவள்) என்னைப் பார்த்துச் சொல்வாள்:

“எமனுக்குப் பாண் குடுங்கோ. கையைக் கழுவிப்போட்டுக் குடுங்கோ.”